மைனஸ்

சஸ்கட்டூனில் காலை ஏழு மணி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிறுத்துமிடத்தில் கார்கள் மூக்கில் வயரோடு
சுவரில் செருகிக் கிடக்கின்றன,
தீவிர சிகிச்சைப் பிரிவு மாதிரி.
உள்ளே என் திரையிலும் மைனஸ்:
ஆயிரத்து நூற்று நாற்பது வரிகள்,
எல்லாம் சிவப்பு.

பதினொரு ஃபங்ஷன்கள்.
எழுத்தை வெட்ட, ஒட்ட, திருப்ப, அளக்க
இந்த மொழி பிறந்தபோதே கூட வந்தவை.
(கணினி மொழியைச் சொல்கிறேன்.
மற்ற மொழி பிறகு வரும்.)
எட்டு வருடமாக மஞ்சளில் எச்சரித்தோம்:
வேண்டாம், எடுக்கப்போகிறோம், மாற்றிக்கொள்ளுங்கள்.
மஞ்சளை யார் மதிக்கிறார்கள்?
சிக்னலிலேயே மதிப்பதில்லை.

அவை செய்த குற்றம் ஒன்றுதான்.
ஓர் எழுத்தென்றால் ஒரு பைட் என்று நம்பின.
நான் படித்த கணக்கு வேறு:
குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
இங்கேயோ
ஆ என்று வாய் நிறையச் சொன்னால் மூன்று பைட்.
க் என்று தொண்டையில் அடைத்தால் ஆறு.
புள்ளிக்குத் தனியாக மூன்று,
உயிரை எடுத்ததற்குக் கூலி போல.

சோதனைக்கு என் பெயரையே கொடுத்தேன்.
மங்களேஸ்வரி.
ஏழெழுத்து, முப்பத்து மூன்று பைட்.
இருபதில் வெட்டு என்றேன்.
மங்களே என்று ஆசையாய்க் கூப்பிட்டுவிட்டு
கறுப்பு வைரத்துக்குள்
ஒரு கேள்விக்குறியைத் துப்பியது.
ஸகரத்தின் மூன்றில் இரண்டு பங்கு
அதற்குள் கிடக்கிறது.

எந்தப் புண்ணியவான் எழுதியது என்று
வரலாற்றைத் திறந்தேன்.
2003 நவம்பர், இரவு 2.14.
பெயர் இருந்தது, இங்கிலீஷில், சின்ன எழுத்தில்.
என்னுடையது.
மேலே ஒரு குறிப்பு: தற்காலிகம்.

இருபத்து நாலு வயது,
வின்னிபெக்கில் ஒரு பேஸ்மென்ட் அறை.
அ முதல் ஃ வரை தலைகீழாய்ச் சொல்லத் தெரிந்தவள்
ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று எழுதியிருக்கிறேன்.
யாரும் கட்டாயப்படுத்தவில்லை.
என் எழுத்து அன்றைக்கு
என் ஞாபகத்திலேயே இல்லை, அவ்வளவுதான்.
வேலை செய்தது.
தூங்கப் போயிருப்பேன்.

முதலில் அதைத்தான் அழித்தேன்.

ஆறு வாரம் கழித்து ரோஸ்டவுனிலிருந்து போன்.
லோர்ன் ஹிரிசாக், தானியக் கிடங்கில் எடைமேடை.
புதுப் பதிப்பில் சீட்டு அச்சாகவில்லை,
வாசலில் ஒன்பது லாரி டீசலைக் குடித்துக்கொண்டு நிற்கிறது,
உங்களுக்கு வேறு வேலை இல்லையா?
நியாயம்.
பெயருக்கு இருபது இடம், பிறகு எடை,
பதினைந்து வருடமாக இப்படித்தான் என்றார்.
எல்லாருக்கும் சரியாக வந்ததா?
கொஞ்சம் யோசித்தார்.
பெனுவா வந்தால் மட்டும் எடை ஒரு கட்டம் இடப்பக்கம் நகரும்.
அவன் பெயரில் ஐ-க்குத் தலையில் ஒரு தொப்பி.
கழற்றிவிட்டு டைப் செய் என்று
திரையோரம் சீட்டு ஒட்டியிருக்கிறோம்.

இந்தக் குளிரில் ஓர் எழுத்தைத்
தொப்பியில்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்,
என் பேச்சைக் கேட்டு.

நான் சொல்லச் சொல்ல
இரண்டு விரலால் அடித்தார். நாற்பது நிமிடம்.
சாயங்காலம் ஒரு படம் அனுப்பினார்:
டியூரம் கோதுமை, 41,280 கிலோ,
அதது அதனதன் கட்டத்தில்,
பெனுவா தொப்பியோடு.
பார்த்து ஏதாவது சொன்னானா என்று கேட்டேன்.
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
ஈரப்பதத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறாய் என்று
சண்டை பிடித்தானாம்.

பத்து போயிற்று.
பதினொன்றாவது,
இரண்டு சொற்களை ஒப்பிட்டு
எது முன்னால் எது பின்னால் என்று தீர்ப்புச் சொல்வது,
நூற்றுக்கணக்கான இடங்களில் வேரோடியிருக்கிறது.
அடுத்த பதிப்புவரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று
மஞ்சளை மட்டும் புதுப்பித்தேன்.
யார் எழுதியது என்று
திறந்து பார்க்கவில்லை.