கோட்டுக்குக் காசு இல்லை

மூன்றாம் முறையாகத் திரும்பி வந்துவிட்டது
தேசராணியின் மனு.
'படகு எண் தவறு' என்கிறது திரை.
அவள் கையில் பதிவுப் புத்தகம்,
பிளாஸ்டிக் உறைக்குள் கொஞ்சம் மணல், ஒரு செதில்.
"நம்பரு கரீட்டாத்தானேம்மா கீது?"

கரீட்டுதான், ஒவ்வோர் இலக்கமும்.
தவறு கோட்டில்.
அவள் தம்பி செல்போனில் அனுப்பியதை
அப்படியே எடுத்து ஒட்டியவள் நான்.
ஒரு அரிசி நீளம் போதும் என்ற இடத்தில்
ஒன்றரை அரிசி.
அந்த அரை அரிசி அரசாங்கத்துக்குச் செரிக்கவில்லை.

அழித்தேன். மறுபடி அடித்தேன்:
டிஎன்-02-எம்எம்-3187.
இருபக்கமும் இடைவெளி விடாமல்,
படகோடு படகை அணைத்துக் கட்டுகிற மாதிரி.

நம் மொழிக்கு இந்தக் கயிறு அவ்வளவு பழக்கமில்லை.
மரமும் கலமும் சேர்ந்தால்
ம் மூழ்கிவிடும், க் ஏறி உட்காரும்.
கடலும் கரையும் சேர்ந்தால்
ல் ஆளே மாறிவிடும்,
கல்யாணத்துக்குப் பிறகு
நான் இனிஷியலை மாற்றிக்கொண்ட மாதிரி.
சிறுகோடு எதையும் மாற்றச் சொல்வதில்லை.
சேர், ஆனால் நீ நீயாகவே இரு என்கிறது.

உடைக்கவும் செய்யும்.
போன மாதம் ஒரு அஞ்சலி நோட்டீஸ்,
குறுகலான பத்தி.
வரி முடிவில் 'காசி-' என்று நின்றுவிட்டது ஊர்,
'மேடு' அடுத்த வரியில்.
ஐந்நூறு பிரதி.
காசியில் போய்ச் செத்தாரா என்று
கேட்டுவிட்டுப் போனார்கள் இரண்டு பேர்.

அந்த ஒன்றரை அரிசிக்கும் வேலை உண்டு.
இதிலிருந்து அதுவரை என்று சொல்லும்.
ஏலம் 3–6 மணி.
வஞ்சிரம் கிலோ 900–1100,
நடுவில் எங்கே நிற்கும் என்பது
கூவுகிறவன் தொண்டையைப் பொறுத்தது.

இனி மனுவின் காரணப் பகுதி.
"சொல்லுக்கா, அடிக்கிறேன்."
"எஞ்சின் போய் அறுபத்தோரு நாளாச்சு.
ஊட்டுக்காரு கடலுக்குப் போகாம"
கல்மண்டபம் திருப்பத்தில் கன்டெய்னர் லாரி.
கடையே அதிர்ந்தது. மேசையில் எலி தானாக நகர்ந்தது.
அவள் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டு சிறுகோடு தட்டினேன்,
இயந்திரமே அதை நீட்டிக்கொண்டது:
'கடலுக்குப் போகாமல் —'

லாரி போனபோது
அவள் பெண்ணின் பள்ளிக் கட்டணத்தில் இருந்தாள்.
விட்டதைத் திரும்பக் கேட்கலாம்தான்.
கேட்கவில்லை.
அலுவலகத்தில் படிக்கிறவர்
அந்தக் கோட்டின் மேல் ஒரு மூச்சு நிற்கட்டும்.

ஏற்றுக்கொண்டது திரை.
ரசீது எண்ணிலும் மூன்று சிறுகோடு.
சுருக்குப்பையில் இருந்து நாற்பது ரூபாய் எடுத்தவள்
நிறுத்திக் கேட்டாள்:
"கோட்டுக்குத் தனியா காசு இல்லியே?"

ஷட்டரை இறக்கும்போது
என் பெயர்ப் பலகையைப் பார்த்தேன்.
ஜெராக்ஸ் - டைப்பிங் - லேமினேஷன்.
காற்புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் கோடு,
இரண்டு பக்கமும் வீண் இடைவெளி.
எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்கிய பெயின்டர் அந்தோணிராஜ்
இவற்றை மட்டும் சும்மா போட்டுக் கொடுத்தான்.