அந்தரத்தில் ஒரு கால்

மதோனாவுக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டர்.
ஜூலை. பதினோரு மணிக்கும் வெளிச்சம் போக மனமில்லாத இரவு.
வானம் துடைத்துக் கவிழ்த்த தட்டு.
என் கருவி மட்டும் சாதிக்கிறது:
மணிக்கு அறுநூறு மில்லிமீட்டர் மழை.

அலுவலகத்திலிருந்து குண்டெகா அழைத்தாள்.
"விஸ்மா, பேழைக்குப் பலகை அறுக்கட்டுமா?"

மழைமானி சாதுவான பொருள்.
புனலுக்குக் கீழே சீசாப் பலகைபோல
இரண்டு கரண்டிகள்.
ஒன்று நிறைந்தால் சாயும்.
சாய்கையில் ஒரு காந்தம் கடந்துபோகும்,
கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு தகடுகள்
தொட்டு விலகும்.

அந்தத் தொடலுக்காகத்தான்
சிப் தூங்குகிறது,
இரண்டு மைக்ரோஆம்பியர் தூக்கம்.
எழுப்ப ஒரே வழி: ஏழாம் கால்.
தட்டினால் எழு, ஒன்று கூட்டு,
கொடியை இறக்கு, படு.
கொடியை இறக்க மறந்தால்
எழுந்த காரியத்துக்கே மறுபடி மறுபடி எழுந்துகொண்டிருப்பாய்
(போன வருடம் மூன்று பேட்டரி
இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் செத்தன).

தாலிவால்திஸின் மேய்ச்சல் நிலத்தில்
ஈரப்புல்லில் மண்டியிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.
கொசு.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
தேநீரைக் கம்பத்தடியில் வைத்துவிட்டுப் போனார்.

பதிவுகளில் இறங்கிப் பார்த்தேன்.
ஒரு நொடியும் சொச்சமும்,
ஒரு நொடியும் சொச்சமும்.
எந்த மழைக்கும் இத்தனை ஒழுக்கம் கிடையாது.
மழை தாளம் தப்பும்.

டிக்.
அப்போதுதான் காதில் விழுந்தது.
டிக்.
முதுகுக்குப் பின்னால்
ஆடுகளுக்கான மின்வேலி.

ஏழாம் காலின் அமைப்பு என் கையெழுத்துதான்:
உள்ளீடு. இறங்கு விளிம்பு. குறுக்கீட்டுக்கு அனுமதி உண்டு.
மேலிழுப்பு: இல்லை.
பலகையிலேயே மின்தடை இருக்கும் என்று நம்பி எழுதிய இல்லை.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மின்தடை உட்கார வேண்டிய இடத்தில்
ஆளில்லாத இரண்டு ஈயப் புள்ளிகள்.

மேலேயும் கட்டாமல் கீழேயும் கட்டாமல்
அந்தரத்தில் நிற்கும் கால்
ஒன்று அல்ல, பூஜ்யமும் அல்ல.
அக்கம்பக்கத்தில் எது நடந்தாலும்
அதற்குத் தன்னைக் கூப்பிட்டதுபோல.

ஒரு சொல்லை மாற்றினேன்.
பெய்யாத மழை நின்றது.

குவளையில் மிஞ்சிய தேநீரைப் புனலில் ஊற்றிச் சோதித்தேன்.
ஒரு சாய்வுக்கு ஐந்து எண்ணியது.
தகடுகள் தொடும்போது துள்ளும்.
இருபது மில்லிநொடி காதைப் பொத்திக்கொள் என்றேன்.
பொத்திக்கொண்டது.

கிளம்புகிற நேரத்தில்தான்
தாலிவால்திஸ் திரையைக் குனிந்து பார்த்தார்.
"இந்த ஓட்டை என்ன?"
செவ்வாய் இரவு 2:14 முதல் 5:40 வரை
பொய்மழைகூட இல்லை.

அவர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார்.
செவ்வாய் இரவு வேலி பேட்டரி தீர்ந்துபோயிற்றாம்.
பதினொரு ஆடுகள் பக்கத்து கம்புப்பயிரில்.
விடிந்து பார்த்து, ஐந்தே முக்காலுக்கு முன்னால்
புதிய பேட்டரி போட்டாராம்.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
டிக் என்றது வேலி.

"அந்தத் தப்பை," என்றார்,
"அப்படியே விட்டுவைக்க முடியாதா?"

பன்னிரண்டு வருடமாக நான் திட்டிவரும் காரியம்.
ஒன்பதாம் கால் சும்மா இருந்தது.
ஒரு சாண் கம்பியைப் பற்றவைத்து,
மேலிழுப்பு இல்லை, கீழிழுப்பு இல்லை,
ஏறு விளிம்பு, அனுமதி உண்டு.
அரை நிமிடம் மௌனமானால் அவர் போனுக்குச் செய்தி.
மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்:
தெரிந்தே விட்டது. திருத்த வராதே.

"சிப் இனி சரியாகத் தூங்காது," என்றேன்.
"இரண்டு வருடம் வரும் பேட்டரி ஐந்து மாதத்தில் போகும்."
"நானும்தான் தூங்குவதில்லை," என்றார்,
காலிக் குவளையை எடுத்துக்கொண்டு.

ஆகஸ்டில் நிஜமாகவே மழை பெய்தது.
பதினெட்டு மில்லிமீட்டர்.
குண்டெகா நம்பாமல் ஜன்னலைத் திறந்து
கையை வெளியே நீட்டினாள்.