தாமதத்திற்கான காரணம்

கணினியில் அந்தக் கட்டத்தைத் தொட்டால்
நான்கு சொற்கள் கீழே தொங்கும்:
அறியாமை. அச்சம். அலட்சியம். மற்றவை.
ஒன்றைத் தேர்ந்தால்தான்
அடுத்த பக்கம் திறக்கும்.

மசேரு நகரத்து மருத்துவமனையின் பதிவறை.
ஜன்னலைச் சாத்தினாலும் ஜூலைக் குளிர்
எப்படியோ நுழைந்து
கோப்புகள் மேல் உட்கார்ந்துகொள்ளும்.
ஆறு வருடமாக இங்கே நான்
முகங்களை எண்களாக்குகிறேன்.

இன்றைய முதல் கோப்பு:
லிமாகாட்சோ மொலெட்சானே, வயது நாற்பத்தொன்று,
மொகோட்லோங் மலை. கருப்பை வாய். மூன்றாம் நிலை.
தாமதத்திற்கான காரணம் என்ற இடத்தில்
டாக்டரின் அவசரக் கையெழுத்து:
'நோயாளி தாமதமாக வந்தார்.'

தாமதத்துக்குக் காரணம் தாமதம்.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மதியம் அவளே வந்தாள், ஒரு முத்திரைக்காக.
போர்வையை ஊக்குக் குத்தித் தோளில் நிறுத்தியிருந்தாள்.
வலி அவளை நாற்காலியின் நுனியில்
ஒருக்களித்து உட்கார வைத்திருந்தது.
'முதன்முதலில் எப்போது, யாரிடம் சொன்னீர்கள்?'
படிவத்தில் இல்லாத கேள்வி. ஏன் கேட்டேனோ.

'ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற அக்டோபர்.
ரத்தம் கண்ட மூன்றாம் நாளே நடந்து போனேன்.
கிளினிக்கில் நர்ஸ் இருந்தாள், விளக்கு இல்லை.
அடுத்த மாதம் வரச் சொன்னாள்.
அடுத்த மாதம் விளக்கு இருந்தது, நர்ஸ் இல்லை.
பிறகு ஆற்றில் வெள்ளம்.
பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சதைத்துண்டு எடுத்தார்கள்.
எனக்குப் பாஸ்போர்ட் இல்லை;
குப்பியில் இருந்த அந்தத் துளி மட்டும்
எனக்கு முன்னால் எல்லை தாண்டிப் போனது.
பதினான்கு வாரம் கழித்துத் தாள் வந்தது,
வேறொருத்தியின் பெயரோடு.'

கொஞ்சம் நிறுத்தி, போர்வை ஓரத்தை நீவிவிட்டுக் கேட்டாள்:
'அவளுக்கு யாராவது சொன்னார்களா?'

போன வருடம் எங்கள் இயக்குநரின் மனைவிக்கும்
இதே நோய், இதே இடம்.
ஏப்ரலில் கண்டார்கள். மே மாதம்
பாலம் கடந்து ப்ளூம்ஃபொன்டெயின்.
செப்டம்பரில் மகன் கல்யாணத்தில்
செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஆடினாள்.
நன்றாக இருக்கட்டும்; மனதாரச் சொல்கிறேன்.
அவள் கோப்பையும் நான்தான் ஏற்றினேன்.
'சீக்கிரம் வந்ததற்கான காரணம்' என்று
எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

மேசை நாட்காட்டியில்
பேனா முனையால் எண்ணினேன்.
அவள் எடுத்துக்கொண்டது மூன்று நாள்.
நாங்கள் எடுத்துக்கொண்டது இருநூற்று அறுபத்திரண்டு.
அந்தக் கதிர் எந்திரத்தின் வரிசையில்
இன்னும் நிற்கப்போவதை
எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

முத்திரை குத்திக் கொடுத்தேன்.
மை உலரும்வரை ஊதி ஊதி,
குழந்தையின் சூப்பைப்போல ஆற்றி,
தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.
கடைசி வண்டி மூன்றரைக்கு.

'மற்றவை' என்பதைத் தொட்டேன்.
சின்னப் பெட்டி ஒன்று திறந்தது,
நாற்பது எழுத்து மட்டும் கொள்ளும் பெட்டி.
'நோயாளி சரியான நேரத்தில் வந்தார். நாங்கள்தான்'
என்பதோடு இடம் தீர்ந்துவிட்டது.
எவ்வளவு அழுத்தியும்
அதற்கு மேல் ஓரெழுத்தும் விழவில்லை.
அப்படியே சேமித்தேன்.

ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள்.
நான் விளக்கை அணைக்கவில்லை.
அந்தத் தவறான தாளில் இருந்த பெயரைத்
தேடிக்கொண்டிருக்கிறேன்: மபாலேசா ராமோலெலே.
ஊர் எழுதியிருக்கவில்லை.
அந்தப் பெயரில் நான்கு பேர் இருக்கிறார்கள்.
முதல் எண் மணி அடிக்கிறது.