விரற்கடை வெள்ளி

சுழல்வதைத் தொடாதே என்பது
எங்கள் கொட்டகையில் எழுதி ஒட்டாத சட்டம்.
எழுதி ஒட்டியவை வேறு பதினொன்று.
அவற்றை யாரும் படிப்பதில்லை.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
உள்ளே, பூமியின் அடிவயிற்றிலிருந்து குழாயேறி வரும் வெந்நீர்
காற்றைச் சுட்டுக் கொடுக்கிறது.
நான்காம் எண் விசிறி அதை வாங்கி
மீன் தலைகளின்மேல் ஓட்டுகிறது.
தட்டுத் தட்டாகக் காட் மீன் தலைகள்,
எல்லாம் வாய் பிளந்தபடி.
லாகோஸில் யார் வீட்டுக் குழம்புக்கோ
ஐஸ்லாந்தில் காய்கின்றன.

இன்று காயவில்லை.
"விசிறி சோம்புகிறதா பார், ஸ்டெய்னுன்"
என்கிறார் குட்லெய்குர் தொலைபேசியில்.
அவர் காபி உறிஞ்சுவது கேட்கிறது.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.
குழல்விளக்கின் துடிப்பில்
ஆரங்கள் சிலசமயம் பின்னோக்கி நடக்கும்,
சிலசமயம் அசையாமல் நின்று
வா, தொடு என்னும்.
அதனால்தான் உள்ளங்கையில் இந்த மஞ்சள் பெட்டி,
டாக்கோமீட்டர்.

நிறுத்தினேன்.
விசையில் பூட்டு, பூட்டில் என் பெயர் எழுதிய சிவப்பு அட்டை,
சாவி என் பையில்.
நிறுத்திய சேதி விசிறிக்குப் போய்ச் சேர
ஒன்றரை நிமிடம் ஆகும்.
அந்த ஒன்றரை நிமிடத்தில்தான்
விரல்கள் போகின்றன.
பையில் கைவிட்டு நின்றேன்,
சாவியை எண்ணிக்கொண்டு. ஒரே சாவிதான்.

காப்பு வலையைக் கழற்றி
அச்சின் மீன்பிசுக்கைச் சுற்றிச் சுற்றித் துடைத்து
விரற்கடை அகலத்தில் ஒரு வெள்ளி நாடா ஒட்டி
வலையை மறுபடி முடுக்கி
கழுத்துத்துணியைச் சட்டைக்குள் செருகி
பின்னலைத் தொப்பிக்குள் சுருட்டி
பூட்டைத் திறந்தேன்.

ஒரு கை தூரம் தள்ளி, சற்றே சாய்த்து,
வலையின் கண் வழியே
சிவப்புப் புள்ளியை அச்சில் வைத்தேன்.

1716.

தகட்டில் அடித்திருப்பது 980.
சோம்பேறி என்று புகார் வந்த விசிறி
தன் ஆயுளில் ஓடாத ஓட்டம் ஓடுகிறதாம்.
"அப்படியானால் நல்லதுதானே?" என்கிறார் குட்லெய்குர்.

கருவி பொய் சொல்லாது.
கண்ட மின்னலைத்தான் எண்ணும்.
ஒரு சுற்றுக்கு இரண்டு மின்னல் கண்டிருக்கிறது.
இன்னொரு நாடா, முதுகுப்பக்கத்தில்,
யாரோ உரிக்காமல் போனது.
யாரோ என்ன, செஸ்வாவ்தான்.
வசந்தத்தில் கிடீனியாவுக்குக் கப்பலேறியவன்,
எதையும் பாதியில் விடுகிறவன்,
இப்போது எந்த மதுக்கடையில் கால்நீட்டி,
என்று வாய்க்குள் வறுத்தபடி
மறுபடி விசை, பூட்டு, அட்டை,
ஒன்றரை நிமிடம்.

"மறுபடியுமா? தலைகள் நாறும்."
நாறட்டும்.

அச்சைக் கையால் அரைச்சுற்று திருப்பினேன்.
இருந்தது.
பிசுக்கில் தூங்கிக் கிடந்ததை
சற்றுமுன் நானே துடைத்து எழுப்பியிருக்கிறேன்.
ஓரம் சாய்வாக வெட்டியிருந்தது,
இடமிருந்து வலமாக இறங்கும் சாய்வு.
இடக்கைக்காரியின் கத்தரிப்பு.
இந்தக் கொட்டகையில் இடக்கை ஒன்றுதான்.

பிப்ரவரி. புயல். மின்சாரம் போய்ப் போய் வந்த இரவு.
ஞாபகம் வந்தது, வந்து நின்றது.

உரித்தேன்.
வலை, பூட்டு, ஒரு கை தூரம்.
858.
மூன்று தடவை பார்த்தேன்: 858, 857, 858.
பட்டை நழுவுகிறது, அவ்வளவுதான்.
குட்லெய்குர் சொன்னது சரி.
அதை அவரிடம் நாளைக்குச் சொல்லலாம்.

பழைய நாடாவைக் குறிப்பேட்டில்
858க்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
செஸ்வாவுக்கு ஒன்றும் எழுதவில்லை.
போய்ச் சேராத வசைக்கு
மன்னிப்பை எந்த முகவரிக்கு அனுப்ப?

பட்டையை இறுக்க வேண்டும்.
மூன்றாம் முறை விசையை இறக்குகிறேன்.
தட்டுகளில் அத்தனை தலைகளும்
வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்க,
விசிறி இன்னும் நிற்கவில்லை.