ஏழில் விட்டது

ஏழாம் வழியில் விட்ட ஒளி
எட்டாம் வழியில் வந்து நிற்கிறது.
மூன்றாவது சிப். மூன்றாவது மார்ச்.
என்ஸ்கெடேயில் மழை, அதில் புதிதாய் ஒன்றுமில்லை.
நூறு போட்டால் நாலு மிச்சம்,
தொண்ணூற்றாறு பக்கத்து வீட்டில்.

"தள்ளி வை" என்றான் ரதோஸ்லாவ்
தூய அறை முகமூடிக்குள்ளிருந்து.
எங்கே தள்ள?
ஒரு தலைமுடி அகலத்தில்
அறுபத்து நான்கு வழி கேட்கிறார்கள்.

ஒளி தன் வழிக்குள் முழுசாய் அடங்குவதில்லை.
விளிம்புவரை ஊற்றிய காபியோடு நடப்பதுபோல்
ஓரத்தில் சிந்திக்கொண்டேதான் போகிறது.
பக்கத்து வழியும் அதே அகலமென்றால்
அதே நடை, அதே எட்டு.
சிந்திய துளி முந்தின துளியோடு கைகோத்து
சில மைக்ரான் தாண்டுவதற்குள்
குடியே பெயர்ந்துவிடும்.

ஏப்ரலில் இப்படிச் செய்தேன்:
ஒன்று பருமன், ஒன்று ஒல்லி, மறுபடி பருமன்.
நாற்பது நானோமீட்டர் வித்தியாசம்.
கசிவு நிற்கவில்லை.
கசிந்தது கால் மாற்றி விழுகிறது,
முன்னால் விழுந்ததைப் பின்னால் விழுவது அழிக்கிறது.
ஏழு, ஏழிலேயே வந்தது.
ரதோஸ்லாவ் முகமூடியைக் கழற்றிச் சிரித்தான்.
கழற்றக் கூடாது, விதி.

வீட்டில்
எனக்கும் வோல்பெர்ட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல்.
ஞாயிறு ஆட்டம். அவருக்குக் கேபிள், எனக்கு இணையம்:
பன்னிரண்டு விநாடி பிந்தி ஓடுகிறது என் உலகம்.
அவர் கோல் சுவரைத் தாண்டி வரும்போது
என் பந்து நடுக்களத்தில் புல் மேய்ந்துகொண்டிருக்கும்.
என் திரையில் கோல் விழுவதற்குள்
அவர் உட்கார்ந்தாயிற்று.
ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட
இரண்டு சந்தோஷமும் ஒன்றாய் விழுந்ததில்லை.

சிப்பின் கடைசியில் மட்டும் ஓரிடம்,
ஏழும் எட்டும் பேசியே ஆகவேண்டும்.
அங்கே இரண்டுக்கும் ஒரே அகலம் வரைந்திருக்கிறேன்,
பதினெட்டு மைக்ரான் நீளத்துக்கு.
குறைந்தால் கொஞ்சம் தங்கிவிடும்.
கூடினால், போனது திரும்பி வரத் தொடங்கும்.

இன்று எண்பத்தொன்பதாம் நிமிடம்
மடிக்கணினியை மூடினேன்.
நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன்.
அந்தப் பக்கம் ஒரு செருப்பு தரையில் தேய்கிறது,
நிற்கிறது.
அவர் கத்தினார்.
நானும்.

ஒரு நொடி ஒன்றுமில்லை.
பிறகு விரல் கணுவால் இரண்டு தட்டு.

கோல் போட்டது யாரென்று
எனக்கு இன்னும் தெரியாது.