இரண்டு நொடி எண்ணெய்

சேறு காயும்முன் கழுவிவிட வேண்டும்.
காய்ந்துவிட்டால் அது சேறில்லை, சிமெண்ட்.
இன்னர்லீதனில் இது எல்லோருக்கும் தெரியும்,
பேக்கரிக்கார மோய்ராவுக்குக்கூட.
ஆனால் டூகலின் வண்டி
பதினோரு நாளாக என் கொட்டகையில் நிற்கிறது,
மலை மீட்புக் குழுவினர்
கொண்டுவந்து சாத்திய அதே சாய்வில்,
அன்றைய சேற்றோடு.

இன்று மழை இல்லை. அதாவது, தூறல்தான்.

வாளியில் வெந்நீர், சோப்பு.
குழாயின் வாயைக் கட்டைவிரலால் மறித்து
நீரை விசிறியாக்குகிறேன்.
அழுத்திப் பீய்ச்சக் கூடாது.
பேரிங்குக்குள் நீர் புகுந்தால்
கிரீஸ் சத்தமில்லாமல் வெளியேறிவிடும்,
வாடகை பாக்கிக்காரன்
இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்வதுபோல.

டயர் கட்டைகளுக்கு இடையிலிருந்து
பைன் ஊசிகள், கறுப்பு மண்,
செம்மறிப் புழுக்கை ஒன்று, முழுசாக.
பழைய பிரஷ்ஷால்
பல்சக்கரத்துக்குப் பல் துலக்குகிறேன்.
பன்னிரண்டு அடுக்கு.
என் சொந்தப் பற்களுக்கு
இத்தனை பொறுமை காட்டியதில்லை.
பெடலைப் பின்னோக்கிச் சுற்றச் சுற்ற
சங்கிலி கறுப்பாகக் காறித் துப்புகிறது.

முன் ஃபோர்க்கின் தண்டில் கீறல் இல்லை.
சக்கரம் கிழக்கே பார்க்க
ஹாண்டில்பார் மட்டும் வடக்கே பார்க்கிறது.

வேர், இஷ்பெல், என்றான் மருத்துவமனையில்.
ஈர வேர். யார் காலையும் வாரிவிடும்.
காறை எலும்பு இரண்டு துண்டு.
நானும் தலையாட்டினேன்.
மலைமேல் பழி போட்டால்
மலை மறுத்துப் பேசுவதில்லை.

பின்சக்கர டிஸ்க்கைத் துடைத்தேன்.
துணி வழுக்கியது.
மறுபடி துடைத்தேன்.
துணியை மூக்கருகே கொண்டுபோனேன்.

எண்ணெய்.

எனக்குத் தெரிந்த வாசனை.
என் அலமாரியின் இரண்டாம் தட்டில்
பச்சை டப்பாவில் நிற்கும் வாசனை.

இரவல் வண்டியை அழுக்கோடு திருப்பித் தரலாமா?
அந்த வியாழக்கிழமை
சேறு கண்ட இடமெல்லாம் மிதித்துவிட்டு
நீர் கண்ட இடத்தில் கழுவி,
நன்றிக்கு அடையாளமாக
சங்கிலிக்கு எண்ணெயும் விட்டேன்.
கணுவுக்கு ஒரு சொட்டு என்று விட வேண்டியது.
இருட்டிக்கொண்டு வந்தது.
பசி வேறு.
ஸ்பிரேயை எடுத்தேன்.
இரண்டு நொடி.
காற்று கொஞ்சம் அடித்திருக்கும்.

புதுசு மாதிரி இருக்கே, என்றான் டூகல்.
மறுநாள் மலைக்குப் போனான்.

ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை.
மேலே நின்று சாக்லேட் தின்றபோதும் இல்லை.
இறங்கும் பாதையின் மூன்றாவது வளைவில்
பின்பிரேக்கைப் பிடித்திருப்பான்.
அது எதையும் பிடித்திருக்காது.
வேர் அங்கே இருந்தது உண்மைதான்.
இருபது வருடமாக இருக்கிறது,
அவனும் இருபது வருடமாக
அதன்மேல் ஏறி இறங்கியவன்தான்.

பேட் இரண்டையும் கழற்றினேன்.
முகம் தெரியுமளவு மினுமினுப்பு.
உப்புத்தாளில் தேய்த்துப் பார்ப்பார்கள், சிலர்
நெருப்பில் காட்டியும் பார்ப்பார்கள்.
எண்ணெய் குடித்த பேட்
குடித்ததை மறக்காது.
புதுசு போட்டேன்.
டிஸ்க்கை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்,
வெள்ளைத்துணி வெள்ளையாகவே
திரும்பி வரும்வரை.
பிறகு அதன்மேல் பிளாஸ்டிக் பை கட்டி,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு,
சங்கிலிக்கு
கணுவுக்கு ஒரு சொட்டு.
நூற்றிருபத்தாறு கணு.
மிச்சத்தைத் துடைத்தேன்.

அவன் வீட்டுக்கு வண்டியை
உருட்டிக்கொண்டே போனேன், ஏறவில்லை.
சட்டைப்பையில் பழைய பேட் இரண்டும்
நடைக்கு நடை உரசிக்கொண்டன.
சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை
என்று பாலம்வரை நினைத்தேன்.
பாலத்தில் நின்று
ட்வீட் ஆற்றையும் பார்த்தேன், கீழே,
இரண்டு சின்னத் தகடுகள்
விழுகிற சத்தம்கூடக் கேட்காத அளவு வெள்ளம்.

இடக்கை தூளியில் தொங்க
டூகல் கதவைத் திறந்தான்.
வண்டியை மேலும் கீழும் பார்த்தான்.
குனிந்து, நல்ல கையால்
பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான்.
அது வெகுநேரம் சுற்றியது.

கழுவினாயா, என்றான்.
கழுவினேன்.

எண்ணெயும் விட்டாயா, என்றான்
சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் சட்டைப்பைக்குள் கையை விட்டேன்.