தண்டவாளம் வரையாத வளைவு

ரயிலுக்கு மலையேறத் தெரியாது.
அதனால்தான் இந்தப் பாதை
எங்களுக்கும் வாய்த்தது.
நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர்,
அதற்கு மேல் ஏற்றமில்லை.
குன்று குறுக்கிட்டால் குடைந்திருக்கிறார்கள்,
ஓடை குறுக்கிட்டால்
இரும்பில் ஒரு தாண்டு.
எண்பது டன் எஞ்சினின் இயலாமைக்காக
அன்று எவரெவர் நுரையீரலிலோ இறங்கிய பாறைத்தூள்;
இன்று காசில்தா
மூச்சு வாங்காமல்
மலையைக் கடந்துகொண்டிருக்கிறாள்.

ஐம்பத்தொரு வயது அவளுக்கு.
சைக்கிள் கற்றது போன குளிர்காலத்தில்,
ஞாயிறுகளில் மூடிக் கிடக்கும்
பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில்.
நேராகப் போவாள்.
வலப்பக்கம் சுமாராகத் திரும்புவாள்.
இடப்பக்கம் என்றால் இறங்கி,
வண்டியைத் தூக்கித் திசைமாற்றி வைத்து
மறுபடி ஏறுவாள்.
"நானும் ரயில்தான்" என்பாள்,
"வளைய எனக்கு
அரைக் கிலோமீட்டர் வேண்டும்."

ஃபுவெந்தே செனீசா நிலையத்தில்
பயணச்சீட்டு கொடுத்த சன்னல் வழியே
இப்போது காபி வருகிறது.
மூட்டை நிறுக்கும் எடைமேடையில் ஒரு பையன்
தன் நாயை நிறுத்துப் பார்த்தான்.
பதினொன்றரைக் கிலோ.
எல்லோரும் கைதட்டினோம்,
நாய் உட்பட ஒருவருக்கும் ஏனென்று தெரியாது.

அதைத் தாண்டி ஒரு கடவு.
ஆலிவ் மூட்டைகளோடு டிராக்டர் வந்தது,
இறங்கி நின்று வழிவிட்டோம்.
ஓட்டியவன் தலைகூட அசைக்கவில்லை.
அவன் தாத்தன், அவன் கழுதை,
இதே இடத்தில் ரயிலுக்காகக் காத்த வேளைகள்
வட்டியோடு வசூலாகட்டும் என்று விட்டோம்.

சுரங்கத்தில்
ஆள் அசைந்தால் விளக்கெரியும் என்று
பலகையில் எழுதியிருந்தது.
ஏழு விளக்குகள் எங்களை நம்பின.
எட்டாவதுக்கு நாங்கள் இல்லை.
இருட்டில் சுவரைத் தடவிய விரலில்
கரி ஒட்டியது, இன்னும்.
காசில்தா பின்னால் ஜெபம் போல முணுமுணுத்தாள்.
காது கொடுத்துக் கேட்டேன்:
மின்கட்டணத்தைத் தான்
ஒரு மாதமும் தவறாமல் கட்டி வந்ததை
மாநகராட்சிக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே பிப்ரவரி.
பாறையிலெல்லாம் வெயில்.
இருபத்தேழாம் கல்லை அடுத்து
எலீசியோவின் இரண்டு பாதாம் மரங்கள்.

ரயில் நின்று,
கம்பிகள் பழைய இரும்பு விலைக்குப் போன பிறகு,
ஜல்லியை ஒதுக்கிவிட்டு
இருபத்திரண்டு கன்றுகள் நட்டவன் எலீசியோ.
யாரும் கேட்கவில்லை. காய்த்தன. விற்றான்.
பிறகொரு நாள் முத்திரை குத்திய தாளோடு வந்தார்கள்.
இருபதை வெட்டினார்கள்.
மிச்சம் இரண்டுக்கு நடுவே
நாற்காலி போட்டு ஒன்பது நாள் உட்கார்ந்தான்.
பத்தாம் நாள்
குத்தகைக்காரனுக்கு அலுத்துவிட்டது.
பாதை ஒதுங்கிப் போனது.

தண்டவாளம் வரையாத
ஒரே வளைவு இது.
இடப்பக்கம்.

நான் கத்துவதற்குள்
மரத்தோடு மோதும் சத்தம்.
பிறகு நிதானமாய், அவசரமே இல்லாமல்
அவள்மேல் பூக்கள் உதிர்ந்தன.

அதே நாற்காலியில்தான் இருந்தான் எலீசியோ.
காலடியில் அயோடின் புட்டி,
வறுத்த பாதாம் பொட்டலங்கள்.
"இந்த வாரம் நீங்கள் நான்காவது" என்றான்,
வருத்தமும் இல்லை, குத்தலும் இல்லை,
மழையளவு சொல்லும் குரல்.

வாயிலிருந்து ஓர் இதழைத் துப்பிவிட்டு
காசில்தா வண்டியை உருட்டினாள்,
முன்னால் அல்ல,
பின்னால், இருபத்தேழாம் கல்லுக்கு.

இரண்டாம் முறை காலை ஊன்றிவிட்டாள்.
மூன்றாம் முறை
"ஓரம் போங்க!" என்று மரங்களை அதட்டியபடி வந்தாள்.
எலீசியோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான்,
ஒரு கையில் புட்டி, ஒரு கையில் மூடி.
முழங்காலில் ரத்தமும் தலைக்கவசத்தில் பூவுமாய்
அவள் உடம்பு முழுக்கச் சாய்ந்து
வளைந்து
அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

வெகுதூரம் எதுவும் பேசவில்லை.
பாலத்தின் நடுவில்
ஓடை கீழே எங்கோ இரைய,
வண்டியை நிறுத்தாமலே கேட்டாள்:

"திரும்பி வரும்போது
அது வலப்பக்கம்தானே?"